காவல் நாய்க்கு எலிக்காய்ச்சல் தடுப்பூசி தேவையா?

ஆட்டுப்பட்டிக்கும் தோட்டத்துக்கும் காவலாக நாய் வளர்க்க மார்க்கத்தில் அனுமதி உண்டு. அந்த நாய்க்கு வெறிநோய் ஊசி போட்டாயிற்றே, இன்னொன்று எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அந்த ஊசி எலிக்காய்ச்சலைத் தடுக்காது.

எலிக்காய்ச்சல் லெப்டோஸ்பைரா என்னும் பாக்டீரியாவால் வருகிறது. நோயுள்ள எலி, மாடு, நாய் இவற்றின் சிறுநீர் கலந்த சேற்றிலும் தேங்கிய நீரிலும் அது வாரக்கணக்கில் உயிரோடிருக்கும். காலிலுள்ள சிறு புண், கண், வாய் வழியே உடலுக்குள் நுழையும். பார்க்க நலமாக இருக்கும் நாயும் கிருமியைப் பரப்பலாம்.

ஆகவே வயலில் திரியும், குட்டை நீர் குடிக்கும், எலி பிடிக்கும் நாய்க்குத் தடுப்பூசி போடுவதே நல்லது. முதலில் 2 முதல் 4 வார இடைவெளியில் 2 தவணை. பிறகு ஆண்டுக்கு ஒருமுறை. ஐப்பசி மழைக்கு முன் முடித்துவிடுங்கள். எல்லாக் கூட்டுத் தடுப்பூசியிலும் இது இருக்காது. கால்நடை மருத்துவரிடம் கேட்டு உறுதி செய்யுங்கள்.

ஊசி எல்லா வகைக் கிருமிக்கும் காப்பல்ல. தீவன மூட்டையில் எலி அண்டவிடாதீர்கள். பிள்ளைகளைச் சேற்றில் வெறுங்காலோடு விடாதீர்கள். சேற்றில் இறங்கிய சில நாளில் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால், சேற்றில் இறங்கியதையும் நாய் வளர்ப்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். தொடக்கத்திலேயே மருந்து எடுத்தால் குணமாகும். தாமதித்தால் சிறுநீரகமும் கல்லீரலும் பாதிக்கப்படலாம்.