குடியை நிறுத்த ஒரு கூட்டம்: எங்கே, எப்படிப் போவது?

நீங்கள் முட்டுக்காட்டிலோ கோவளத்திலோ கானத்தூரிலோ இருக்கிறீர்கள். குடியை நிறுத்த வேண்டும் என்று பலமுறை முடிவெடுத்துவிட்டீர்கள். ஐயப்பனுக்கு மாலை போட்ட நாட்களில் தொடாமலும் இருந்திருப்பீர்கள். மாலையைக் கழற்றியதும் பழையபடி ஆகியிருக்கும். இப்போது யாரோ, "ஏ.ஏ. மீட்டிங்குக்குப் போய்ப் பாருங்கள்" என்கிறார்கள். போகலாமா?

தாராளமாகப் போகலாம். ஆனால் ஓர் எச்சரிக்கை. தினமும் நிறையக் குடிப்பவர் ஒரேயடியாக நிறுத்தினால் கைநடுக்கம், வலிப்பு, இல்லாதது கண்ணுக்குத் தெரிவது போன்ற விலகல் அறிகுறிகள் (உடல் மதுவுக்குப் பழகிப்போனதால் நிறுத்தியதும் வரும் தொல்லைகள்) வரலாம். முதல் மூன்று நான்கு நாட்களில் இது உயிருக்கே ஆபத்தாகலாம். காலையில் எழுந்ததும் கை நடுங்கினால் முதலில் மருத்துவரைப் பாருங்கள். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். மருத்துவம் உடலைத் தேற்றும். அதற்குப் பிறகு வரும் நாட்களுக்குத்தான் கூட்டம்.

ஏ.ஏ. என்பது என்ன? ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (பெயரை வெளியே சொல்லாமல் கூடும் குடிநோயாளிகளின் அமைப்பு) என்பதன் சுருக்கம். 1935-ல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில் குடியால் நொந்துபோன பங்குத் தரகர் ஒருவரும் மருத்துவர் ஒருவரும் சந்தித்துப் பேசியதில் தொடங்கியது. இந்தியாவுக்கு 1957-ல் வந்தது. இங்கே ஆலோசகர் எதிரே உட்கார்ந்து அறிவுரை சொல்வதில்லை. குடித்தவர்களும் நிறுத்தியவர்களும் ஒருவருக்கொருவர் துணையாக இருக்கிறார்கள்.

பக்கத்தில் எங்கே நடக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? மும்பையில் உள்ள ஏ.ஏ. இந்திய அலுவலகத்தின் இணையதளத்தில் ஊர்வாரியாகக் கூட்டங்களைத் தேடலாம். தேடத் தெரியாவிட்டால் 14446 என்ற தேசிய போதை மீட்பு உதவி எண்ணை அழையுங்கள், கட்டணம் இல்லை. மனம் தாங்காத இரவுகளில் 14416-ஐ (டெலி மானஸ் எனும் அரசு மனநல உதவி எண்) அழைத்தால் தமிழிலேயே பேசலாம். நேரில் கேட்க விரும்பினால் ஈ.சி.ஆர். பேருந்தில் திருவான்மியூர் வந்து, அடுத்துள்ள இந்திரா நகரில் டி.டி.கே. மருத்துவமனையில் விசாரியுங்கள். கணவரைக் குடியால் இழந்த சாந்தி ரங்கநாதன் 1980-ல் நிறுவிய சிகிச்சை மையம் அது. கூட்ட நேரங்கள் மாறக்கூடும் என்பதால் கிளம்பும் முன் போனில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஊர்க்காரர் யாராவது பார்த்துவிட்டால்? இந்தத் தயக்கம்தான் பலரை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறது. அங்கே உங்களைப் பார்ப்பவரும் அதே காரணத்துக்காக வந்தவர்தான். யார் வந்தார்கள், என்ன பேசினார்கள் என்பதை வெளியே சொல்லக்கூடாது என்பது அடிப்படை வழக்கம். அப்படியும் மனம் ஒப்பவில்லையென்றால் உங்களைத் தெரியாத ஊரில் ஒரு குழுவைத் தேர்ந்தெடுங்கள்.

உள்ளே என்ன நடக்கும்? பெரும்பாலும் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம். ஒருவர் நடத்துவார்; மற்றவர்கள் தங்கள் கதையைச் சொல்வார்கள். இதைப் பகிர்வு என்பார்கள். குறுக்கே யாரும் பேசமாட்டார்கள். உங்கள் முறை வந்தால் "இன்று கேட்க மட்டும் வந்தேன்" என்று சொல்லிவிடலாம். முழுப்பெயர், சாதி, வேலை எதையும் சொல்லத் தேவையில்லை. குடியை நிறுத்தும் விருப்பம் இருந்தால் போதும், அதுதான் ஒரே தகுதி. பெண்களும் வரலாம்.

எவ்வளவு செலவாகும்? கட்டணமே கிடையாது. உண்டியல் போல ஒன்று சுற்றி வரும். முடிந்ததைப் போடலாம், போடாமலும் இருக்கலாம்.

மதம் மாற்றுவார்களா? இல்லை. "நம்மை மீறிய சக்தி" என்ற பேச்சு வரும். அது முருகனா, ஏசுவா, அல்லாவா, அந்தக் குழுவேதானா என்பது உங்கள் விருப்பம்.

பயன் இருக்கிறதா? 2020-ல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 27 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. தொடர்ந்து குடிக்காமல் இருப்பதற்கு, ஏ.ஏ.வில் சேர்த்துவிடும் முறையான சிகிச்சைகள் மற்ற சிகிச்சைகளைவிடக் கூடுதலாக உதவியதாகக் கண்டது. பல கூட்டங்கள் சாயங்காலம் நடப்பதும் ஒரு வசதி. கால்கள் டாஸ்மாக் பக்கம் திரும்பும் அந்த நேரத்தில் போக வேறோர் இடம் இருக்கும்.

குடிப்பவர் உங்கள் வீட்டுக்காரர், அவர் வரமாட்டேன் என்றால்? நீங்கள் மட்டும் போங்கள். அல்-அனான் (குடிப்பவரின் குடும்பத்தாருக்கான தனிக் குழு) உங்களுக்காகவே இருக்கிறது. தயவுசெய்து அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் மாத்திரை கலக்காதீர்கள். குடியை வெறுக்கச் செய்யும் மாத்திரையோடு மது சேர்ந்தால் உயிரே போகலாம்.

குடியை நிறுத்த வந்த நீங்கள், கூட்டத்துக்குப் போன பிறகும் ஒருநாள் குடித்துவிட்டால்? அடுத்த கூட்டத்துக்கு அப்படியே போங்கள். யாரும் வெளியேற்றமாட்டார்கள், அங்கே இருப்பவர்களில் பலர் அப்படி விழுந்து திரும்பி வந்தவர்கள்தான். ஒரு குழு ஒட்டவில்லையென்றால் இன்னொன்றைப் பாருங்கள். தெளிவாகப் பேசும் ஒருவரின் போன் எண்ணை வாங்கி வைத்துக்கொண்டு, முதல் கிளாஸைக் கையில் எடுப்பதற்கு முன் அவரைக் கூப்பிடுங்கள். காலத்துக்கும் குடிக்கமாட்டேன் என்று சத்தியம் செய்ய யாரும் கேட்கமாட்டார்கள். இன்று ஒரு நாள் குடிக்காமல் இருங்கள்.