வெறுமையின் பயன்

சுவர்களே வீடாகா, அவை சூழ்ந்த வெளியே நமக்கு உறைவிடம். உலோக-கரிமச் சட்டகங்களின் சிறப்பும் அத்தகையதே என்பேன். இவற்றுள் உலோக அயனிக் கொத்துகள் மூட்டுகள். கரிம மூலக்கூறுகள் அவற்றை இணைக்கும் கோல்கள். கரைசலில் இவை தாமே கூடி நுண்துளைப் படிகமாகின்றன.

1999-இல் ஓமர் யாகி குழுவினர் துத்தநாகத்தையும் டெரெப்தாலிக் அமிலத்தையும் இவ்வாறு இணைத்தனர். துளைகளிலிருந்த கரைப்பானை நீக்கிய பின்னரும் படிகம் குலையவில்லை. அதன் ஒரு கிராமின் உட்பரப்போ ஏறத்தாழ 2,900 சதுர மீட்டர்! ஆயினும் ஈரக்காற்று அதனைச் சிதைத்தது.

சிர்க்கோனியமும் ஃபூமாரிக் அமிலமும் சேர்ந்த சட்டகம் அக்குறையைத் தீர்த்தது. 20 விழுக்காடே ஈரப்பதமுள்ள காற்றிலிருந்தும் அது நீரைக் கவர்ந்து, வெயில் வெப்பத்தில் விடுவிப்பதை 2017-இல் ஆய்வாளர் மெய்ப்பித்தனர். வறண்ட நிலத்து மாந்தரின் தாகம் தணிக்க வல்லது, அளந்து படைத்த இவ்வெறுமை.