ஜீப்பில் மலையேறப் போறீங்களா? கொஞ்சம் நில்லுங்க!

வெள்ளிக்கிழமை ராத்திரி புறப்பட வேண்டியது. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வீடு திரும்ப வேண்டியது. இந்த இரண்டு நாள் மலைப் பயணம் இப்போது நடுத்தரக் குடும்பங்களிலும் வழக்கமாகிவிட்டது. முன்பெல்லாம் மலை என்றால் ஏரி, படகு, குதிரைச் சவாரி, வரும்போது ஒரு பாட்டில் யூகலிப்டஸ் தைலம். அவ்வளவுதான்! இப்போது பிள்ளைகள் அதற்கெல்லாம் மசிவதில்லை. ரோடே இல்லாத இடத்தில் ஜீப்பில் போக வேண்டும், கூடாரம் போட்டுத் தங்க வேண்டும், விடியற்காலையில் மேகத்துக்கு மேலே நின்று சூரியனைப் பார்க்க வேண்டும்!

நல்ல ஆசைதான். வாரம் பூராவும் நாற்காலியில் உட்கார்ந்து கம்ப்யூட்டரைப் பார்க்கிற உடம்புக்கும் மனசுக்கும் மலைக்காற்று மருந்து மாதிரி. அதனால் போகாதீங்கன்னு நான் சொல்லப் போவதில்லை. ஆனால், திங்கட்கிழமை காலையில் என்னிடம் வருகிறவர்களில் 'டாக்டர், ரெண்டு நாள் ஜாலியா போயிட்டு வந்தோம். இப்ப குனிய முடியலை, நிமிர முடியலை' என்கிறவர்கள் வர வர அதிகமாகி வருகிறார்கள். அவர்களுக்குச் சொல்வதைத்தான் உங்களுக்கும் சொல்லப் போகிறேன்.

உதாரணத்துக்குக் கொழுக்குமலையையே எடுத்துக்கொள்ளுங்கள். தேனி மாவட்டத்தில், ஏழாயிரம் அடிக்கு மேலே இருக்கிற தேயிலைத் தோட்டம். நம் மாவட்டத்து மலைதான் என்றாலும், ஜீப் பாதை கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்துதான் ஏறுகிறது. போடியிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் சுற்றிச் சுற்றிப் போடிமெட்டு ஏறி, அங்கிருந்து சூரியநெல்லி போய், விடிவதற்கு முன்பே ஜீப் பிடிக்க வேண்டும். பன்னிரண்டு கிலோ மீட்டர் போலத்தான் தூரம். ஆனால் ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆகிறது. ஏனென்றால் அது ரோடு இல்லை, பாறாங்கல் படுக்கை!

இடுப்பு படும் பாடு

நம் முதுகெலும்பின் ஒவ்வொரு எலும்புக்கும் நடுவே மெத்தை மாதிரி ஒரு வட்டு இருக்கிறது. ஜீப் ஒவ்வொரு கல்லில் ஏறி இறங்கும்போதும் அந்த வட்டு நசுங்கி விரிகிறது. ராத்திரி முழுக்கக் காரில் மடங்கி உட்கார்ந்து வந்து, தசைகள் எல்லாம் விறைத்துப் போன நேரத்தில் இந்தக் குலுக்கலும் சேர்ந்தால் என்ன ஆகும்? சித்த மருத்துவம் சொல்லும் 'வாதம்' அங்கேதான் கேடடைகிறது. ராத்திரிக் கண்விழிப்பு, குளிர்காற்று, குலுக்கல் மூன்றுமே வாதத்தைக் கூட்டுபவை.

கீழே சொல்பவர்கள் இந்த மாதிரி ஜீப் பயணத்தைத் தவிர்த்துவிட வேண்டும். 'ஒண்ணும் ஆகாது, வாங்க'ன்னு யார் கூப்பிட்டாலும் சரி:

* கர்ப்பிணிகள், எத்தனையாவது மாதமானாலும்.
* வட்டு விலகல், கழுத்து எலும்புத் தேய்மானம் உள்ளவர்கள்.
* சமீபத்தில் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள்.
* எலும்பு பலவீனம் உள்ளவர்கள். மாதவிலக்கு நின்ற பெண்களும் வயதான பெரியவர்களும் இதை முன்னாலேயே சோதித்துக்கொள்வது நல்லது.
* கழுத்து சரியாக நிற்காத கைக்குழந்தைகள்.

போகிறவர்கள் பின்பக்கத்துப் பக்கவாட்டு பெஞ்சை விட்டு, முன்பக்கமோ நடுவிலோ உட்காருங்கள். பின்சக்கரத்துக்கு மேலே இருக்கிற இடத்தில்தான் குலுக்கல் அதிகம். கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளுங்கள். செல்போனில் படம் எடுப்பதெல்லாம் வண்டி நின்ற பிறகு.

சொந்த வண்டியில் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 'ஃபோர் வீல் டிரைவ்' இருந்தால் எங்கும் போகலாம் என்று நினைக்காதீர்கள். இறக்கத்தில் பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டே வந்தால், அது சூடேறிப் பிடிப்பு விட்டுப்போகும். ஏறுவதற்கு எந்தக் குறைந்த கியர் தேவைப்பட்டதோ, இறங்குவதற்கும் அதே கியர்தான். மெதுவாகத்தானே போகிறோம் என்று சீட் பெல்ட்டைக் கழற்றாதீர்கள். வண்டி புரண்டால் வெளியே தூக்கி எறியப்படுகிறவர்தான் பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தாக அடிபடுகிறார்.

வீடு திரும்பியதும் வலி இருந்தால், இரண்டு நாள் ஓய்வு. நொச்சி இலையை வேப்பெண்ணெயில் வதக்கி, துணியில் கட்டி, பொறுக்கும் சூட்டில் ஒற்றடம் கொடுங்கள். ஆனால் வலி காலுக்கு இறங்கினாலோ, கால் மரத்துப் போனாலோ, சிறுநீர், மலம் அடக்க முடியாமல் போனாலோ ஒற்றடம் கொடுத்துக்கொண்டிருக்கக் கூடாது. அன்றைக்கே ஆஸ்பத்திரி!

குமட்டலுக்கு என்ன வழி?

வளைவுகளில் போகும்போது காதுக்குள் இருக்கிற சமநிலை உறுப்பு 'ஆடுகிறோம்' என்கிறது. வண்டிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருக்கும் கண் 'ஆடவில்லை' என்கிறது. இந்தக் குழப்பம்தான் குமட்டல். அதனால்தான் செல்போன் பார்க்கிற பிள்ளைக்கு வாந்தி வருகிறது, வண்டி ஓட்டுகிறவருக்கு வருவதில்லை.

தூரத்து மலையைப் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணாடியை இறக்கிவிடுங்கள். புறப்படுவதற்கு அரைமணி நேரம் முன்பு, தோல் சீவிய இஞ்சித் துண்டு சுண்டைக்காய் அளவு எடுத்து, தேனில் தோய்த்து மென்று விழுங்கலாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டு செய்யுங்கள். வெறும் வயிறும் கூடாது, பரோட்டாவும் கூடாது. இரண்டு இட்லி போதும்.

அடக்காதீங்க, அம்மா!

இது தாய்மார்களுக்காகவே எழுதுவது. சித்த மருத்துவத்தில் அடக்கக் கூடாத 'வேகங்கள்' என்று பதினான்கைச் சொல்லியிருக்கிறார்கள். தும்மல், கொட்டாவி, பசி, தாகம், தூக்கம் எல்லாம் அதில் உண்டு. சிறுநீரும் உண்டு.

மலைப் பயணத்தில் நம் பெண்கள் செய்வது என்ன? 'போகிற இடத்தில் பாத்ரூம் இருக்குமோ இருக்காதோ' என்று முந்தின நாளிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். வந்தாலும் அடக்கிக்கொள்கிறார்கள். தாகம் ஒன்று, சிறுநீர் ஒன்று. இரண்டு வேகத்தை அடக்கியாகிவிட்டது! மூன்றாம் நாள் நீர்க்கடுப்பு, அடிவயிற்று வலி, குளிர் காய்ச்சல் என்று வந்து நிற்கிறார்கள்.

இதற்கு வைத்தியம் மருந்துக் கடையில் இல்லை, வீட்டு ஆண்களிடம் இருக்கிறது. தங்கும் இடத்தை ஏற்பாடு செய்யும்போது, 'சூரிய உதயம் தெரியுமா?' என்று கேட்பதற்கு முன்னால் 'கழிப்பறை எங்கே இருக்கிறது? ராத்திரி விளக்கு உண்டா?' என்று கேளுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை வண்டியை நிறுத்துங்கள். 'இவ்வளவு நேரம் என்ன பண்றே?'ன்னு ஹாரன் அடிக்காதீர்கள்!

குளிரும் கரி அடுப்பும்

போடியில் ஃபேன் போட்டுப் படுத்தவர்களுக்கு மேலே ஏறினால் பத்து டிகிரிக்கு மேல் வித்தியாசம் தெரியும். ஒரே கனமான ஸ்வெட்டரைவிட, இரண்டு மூன்று மெல்லிய துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொள்வது சூட்டை நன்றாகப் பிடித்துவைக்கும். காது, தலை, பாதம் மூடியிருக்கட்டும். 'குளிருக்குக் கொஞ்சம்' என்று பாட்டிலைத் திறக்கிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். மது தோலுக்கு ரத்தத்தைக் கொண்டுவந்து சூடு மாதிரி ஏமாற்றும். உண்மையில் உடம்புக்குள் இருக்கிற சூடுதான் வெளியே போகிறது. சூடாகச் சுக்கு மல்லிக் காப்பி குடியுங்கள். போதும்.

இனிமேல் சொல்வதைத் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். கூடாரத்துக்குள்ளோ, ஜன்னல் மூடிய அறைக்குள்ளோ, வண்டிக்குள்ளோ கரி அடுப்பு, விறகுத் தணல், கேஸ் ஸ்டவ் எதுவும் கூடாது. அணைந்த மாதிரி தெரிகிற கரியும் கூடாது. இன்ஜினை ஓடவிட்டு வண்டிக்குள் தூங்கவும் கூடாது. கார்பன் மோனாக்சைடு என்ற வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்தில் பிராணவாயு உட்கார வேண்டிய இடத்தில் அது போய் உட்கார்ந்துகொள்ளும். தூங்குகிறவர் தூக்கத்திலேயே போய்விடுவார். 2024 டிசம்பரில் கேரளத்து வடகரையில், சாலையோரம் நிறுத்தியிருந்த கேரவன் வண்டிக்குள் இரண்டு பேர் இப்படித்தான் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டரிலிருந்து வந்த வாயுதான் காரணம்.

கூடாரத்தில் இருக்கும் இரண்டு மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் தலைவலி, மயக்கம், குமட்டல் வந்தால் 'பித்தம்' என்று நினைக்காதீர்கள். உடனே எல்லோரையும் வெளியே கொண்டுவந்து, ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வெளியே தீ மூட்டுவதும் அனுமதி உள்ள இடத்தில் மட்டுமே. கோடையில் மலைப்புல் பஞ்சு மாதிரி காய்ந்திருக்கும். இதே கொழுக்குமலைக்குக் கீழே குரங்கணியில் 2018 மார்ச் 11-ம் தேதி காட்டுத் தீயில் சிக்கிய மலையேற்றக் குழுவினரில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை மறக்க முடியுமா? வனத்துறை பாதையை மூடியிருந்தால், திரும்பி வந்துவிடுங்கள். மலை அங்கேயேதான் இருக்கும்.

அட்டையும் பாம்பும்

மழைக்காலத்தில் அட்டை கடிக்கும். அதைப் பிய்த்து இழுக்கவோ நெருப்பால் சுடவோ வேண்டாம். வாய்ப்பகுதியில் நகத்தை வைத்து மெதுவாக நெம்பினால் விட்டுவிடும். அதன் எச்சிலில் ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள் இருப்பதால், கொஞ்ச நேரம் கசிந்துகொண்டே இருக்கும். சோப்புப் போட்டுக் கழுவி, சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள்.

பாம்பு விஷயத்தில் விளையாட்டு வேண்டாம். கட்டுவிரியன் ராத்திரியில் வெளியே வரும் பாம்பு. அது கடித்தால் வலியோ வீக்கமோ இல்லாமலே போகலாம். அதனால் வெறும் தரையில் படுக்காதீர்கள். கூடாரத்தின் ஜிப்பை எப்போதும் மூடியே வையுங்கள். காலையில் ஷூவை உதறிவிட்டுப் போடுங்கள். கடித்துவிட்டால் இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாய் வைத்து உறிஞ்சாதீர்கள். கடிபட்ட இடத்தை அசைக்காமல், விஷமுறிவு ஊசி இருக்கிற அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். 'சிறியாநங்கை இலை மென்றால் போதும்' என்று யாராவது சொன்னால், ஒரு சித்த மருத்துவனாகவே சொல்கிறேன், நம்பாதீர்கள்!

பத்து நாள் கழித்து வரும் காய்ச்சல்

குறிஞ்சி நிலத்தில் சுரம் வரும், ஐயம் தங்கும் என்று நம் சித்த நூல்கள் நிலத்தையும் நோயையும் சேர்த்தே சொல்கின்றன. இன்றைக்கும் அது எவ்வளவு சரி என்பதற்கு ஒரு சம்பவம்.

எட்டாம் வகுப்புப் படிக்கும் பையன். ஐந்து நாளாகக் கடும் காய்ச்சல், தலைவலி, உடம்பு வலி. வீட்டில் நிலவேம்புக் குடிநீர் கொடுத்திருக்கிறார்கள். பாராசிட்டமாலும் கொடுத்திருக்கிறார்கள். இறங்கவில்லை. 'சமீபத்தில் எங்காவது போனீர்களா?' என்று அந்த அம்மாவைக் கேட்டேன். 'மலைக்குப் போனோம். அதாச்சே பன்னெண்டு நாள்!' என்றார். சட்டையைக் கழற்றிப் பார்த்தேன். அக்குளில், சிகரெட்டால் சுட்ட மாதிரி ஒரு கறுப்புப் பொருக்கு. வலி இல்லாததால் பையன் சொல்லவே இல்லை.

ஸ்க்ரப் டைபஸ் எனப்படும் உண்ணிக் காய்ச்சல். புல், புதர்களில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணிக் குஞ்சு கடித்து வருவது. கடித்த ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் தொடங்கும். அதற்குள் பயணத்தையே எல்லோரும் மறந்திருப்பார்கள்! தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம், மூளை வரை பாதித்து உயிருக்கே ஆபத்து. நேரத்தோடு கண்டுபிடித்தால், டாக்ஸிசைக்ளின் என்ற சாதாரண மாத்திரையிலேயே அடங்கிவிடும்.

அன்றைக்கே கடிதம் எழுதி, அரசு மருத்துவமனைக்கு அனுப்பினேன். 'நீங்களே இங்கிலீஷ் மருந்துக்கு அனுப்புறீங்களே!' என்று அந்த அம்மா ஆச்சரியப்பட்டார். எந்த நோய்க்கு எந்த மருந்து முந்த வேண்டும் என்று தெரிந்துகொள்வதும் வைத்தியம்தானே! மூன்றாம் நாள் பையன் எழுந்து உட்கார்ந்து தோசை கேட்டதாகப் போனில் சொன்னார்.

ஆகவே புல்தரையில் நேராக உட்காராதீர்கள், படுக்காதீர்கள். முழுக்கை, முழுக்கால் உடை போடுங்கள். திரும்பி வந்த அன்றே வெந்நீரில் சோப்புப் போட்டுக் குளித்து, துணிகளையும் வெந்நீரில் துவைத்துவிடுங்கள். மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், அக்குள், தொடை இடுக்கு, இடுப்பு, மார்புக்குக் கீழே கறுப்புப் பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். பொருக்கு இல்லாமலும் இந்தக் காய்ச்சல் வரலாம். எனவே டாக்டரிடம் முதல் வார்த்தையே 'மலைக்குப் போய் வந்தோம்' என்று இருக்கட்டும்!

பையில் இருக்க வேண்டியவை

* தினமும் சாப்பிடும் மாத்திரைகள், இரண்டு நாளுக்குக் கூடுதலாக. இன்சுலினைக் காரின் டாஷ்போர்டில் வைக்காதீர்கள், வெயில் சூட்டில் கெட்டுவிடும்.
* காய்ச்சி ஆறிய தண்ணீர். ஓடைத் தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தாலும் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும்.
* ஓ.ஆர்.எஸ். பாக்கெட். இல்லாவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. தலைதட்டிய அளவு, கூட வேண்டாம்.
* இஞ்சி, தேன், ஓமம், சுக்குப்பொடி.
* பஞ்சு, கட்டுத்துணி, கிருமிநாசினி, கொசு விரட்டிக் களிம்பு.
* டார்ச் லைட். செல்போன் விளக்கை நம்ப வேண்டாம்.
* 108 ஆம்புலன்ஸ் எண்ணோடு, மலைக்குக் கீழே உள்ள மருத்துவமனையின் பெயரும் தூரமும் எழுதிய ஒரு துண்டுச் சீட்டு. மேலே சிக்னல் கிடைக்காது.

கடைசியாக ஒன்று. திங்கட்கிழமை காலை ஆபீஸுக்குப் போயே ஆக வேண்டும் என்று ராத்திரியோடு ராத்திரியாக மலை இறங்காதீர்கள். தூக்கமும் அடக்கக் கூடாத வேகம்தான். வண்டி ஓட்டுகிறவர் அதை அடக்கினால், வண்டியில் இருக்கிற அத்தனை பேருக்கும் ஆபத்து. ஞாயிறு மதியமே புறப்பட்டு, வெளிச்சத்திலேயே மலை இறங்கிவிடுங்கள்!