கல்லாவில் உட்காருமுன்

நேற்றுவரை மூட்டை பிரித்துக்கொண்டிருந்த பையனைக் கல்லாவில் உட்கார வையுங்கள். ஒரே வாரத்தில் குரல் மாறிவிடும். உற்றுக் கேட்டால் அது நம்முடைய அதட்டல்தான்! பார்த்துப் பழகியதைத்தானே செய்கிறான்?

முதலாளித்தனம் பிறவிக் குணமல்ல, பழகி வருவது. பர்மாவில் லேவாதேவி நடத்திய நகரத்தார் இதை முறையாகவே வைத்திருந்தனர். பெட்டியடிப் பையனாகச் சேர்பவன் அடுத்தாளாகி, பின்னர் ஏஜெண்டாக உயர்வான். ஏஜெண்டுக்கு மூன்றாண்டுத் தவணை. முதலாளி கடலுக்கு இப்பால் இருக்க, கடன் கொடுப்பதும் மறுப்பதும் ஏஜெண்டின் பொறுப்பு. வசதியான வீட்டுப் பிள்ளைகளும் பிறர் கடையில் பெட்டியடியாக இருந்து தொழில் பழகியதுண்டு.

நம் மளிகைக் கடைகளிலோ, படிப்பு முடித்த மகன் நேரே 'சின்ன முதலாளி' ஆகிவிடுகிறார். துவரம் பருப்பில் வண்டு விழுந்திருப்பதைச் சிப்பந்தி அவரிடம் வாய் திறந்து சொல்லமாட்டார். முதலாளி முகம் சுளிக்கும்படி பேசக்கூடாது என்பது அவர் கற்ற பாடம். சிப்பந்தியிடம் கேட்டால் மரியாதை குறையும் என்பது மகன் கற்ற பாடம். இருவரின் மரியாதைக்கும் நடுவில் மூட்டை பொடியாகிறது.

ஆறு மாதமாவது பிள்ளையை வேறொருவர் கடையில் தராசு பிடிக்க அனுப்புங்கள். (வீட்டில் தாய்மார் சம்மதிப்பதுதான் கடினம்.) அங்கே அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடட்டும்.