டிபி மாத்திரையும் ஃபிட்ஸ் மாத்திரையும்: சேர்த்துச் சாப்பிட்டால் என்ன ஆகும்?

பொம்மிடியில் ஃபிட்ஸுக்காகப் பல வருஷமாக எப்டாயின் சாப்பிடும் ஒருவருக்கு டிபி வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். டிபி மாத்திரை அரசு திட்டத்தில் இலவசம். ஃபிட்ஸ் மாத்திரையோ சேலத்து டாக்டர் எப்போதோ எழுதியது. பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் வாங்குவது. இரண்டு சீட்டையும் ஒரே டாக்டர் பார்க்காமலே போக வாய்ப்பு அதிகம்.

இது அபூர்வமான ஜோடியும் அல்ல. மூளையில் டிபி கட்டி வந்தால் அதனாலேயே வலிப்பு வரும். அவர்களுக்கு இரண்டு மருந்தும் ஒன்றாகவே தொடங்கும்.

எப்டாயினில் இருப்பது பெனிட்டாயின். அதைச் சிதைத்து வெளியேற்றுவது கல்லீரலின் என்சைம்கள். டிபி மாத்திரையில் இருக்கும் ஐசோனியாசிட் அந்த என்சைம்களுக்கு பிரேக் போடும். பெனிட்டாயின் ரத்தத்தில் தேங்கும். அதே மாத்திரையில் இருக்கும் ரிஃபாம்பிசின் நேர் எதிர். என்சைம்களைப் பெருக்கிவிடும், பெனிட்டாயின் சீக்கிரமே காலியாகும். கார்பமாசெபைனுக்கும் இதே இழுபறிதான்.

பிரேக் உடனே பிடிக்கும். ரிஃபாம்பிசின் வேகமெடுக்க ஒன்றிரண்டு வாரம் ஆகும். அதன் பிறகு பெரும்பாலும் அதன் கைதான் ஓங்கும், ஆனால் எல்லோருக்கும் அப்படி அல்ல. ஐசோனியாசிட்டை உடல் எவ்வளவு வேகமாகக் கரைக்கும் என்பது பரம்பரையாக வருவது. சென்னை சேத்துப்பட்டில் 1956-ல் தொடங்கிய காசநோய் ஆய்வு மையத்தின் ஆய்வுகளில், தென்னிந்திய நோயாளிகளில் ஏறக்குறைய 60 சதவீதம் பேர் மெதுவாகக் கரைப்பவர்கள். பிரேக் இவர்களுக்குத்தான் அழுத்தமாகப் பிடிக்கும்.

பெனிட்டாயின் கூடினால் தலை சுத்தும், நடை தள்ளாடும், பேச்சு குழறும், கண் தானாக ஆடும். பார்ப்பவர்கள் “குடிச்சிருக்கான்” என்று சொல்லிவிட்டுப் போவதும் உண்டு. குறைந்தால், அடங்கியிருந்த ஃபிட்ஸ் திரும்பும்.

பலரும் கவனிக்கத் தவறுவது, டிபி கோர்ஸ் முடியும் நேரம். நடுவில் வலிப்பு வந்ததால் டாக்டர் பெனிட்டாயின் அளவைக் கூட்டியிருப்பார். ஆறு மாதம் முடிந்து ரிஃபாம்பிசின் நின்றதும், சுமார் இரண்டு வாரத்தில் என்சைம்கள் பழைய நிலைக்கு இறங்கிவிடும். கூட்டிய டோஸ் மட்டும் அப்படியே இருக்கும். பெனிட்டாயினில் டோஸைக் கொஞ்சம் கூட்டினாலே ரத்தத்தில் அளவு கிடுகிடுவென ஏறும். டிபி குணமான சந்தோஷத்தில் இருப்பவர் திடீரெனத் தள்ளாடுவது இப்படித்தான்.

பயந்துபோய் எதையும் நீங்களாக நிறுத்தக் கூடாது. டிபி மாத்திரையைப் பாதியில் விட்டால் கிருமி மருந்துக்கு அடங்காமல் போகலாம். ஃபிட்ஸ் மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் விடாத வலிப்பு வரலாம். இரண்டு அட்டையையும் கையோடு எடுத்துப்போய், இரண்டு டாக்டரிடமும் காட்டுங்கள். பெனிட்டாயின் அளவைச் சொல்லும் ரத்தப் பரிசோதனை இருக்கிறது. சிகிச்சை தொடங்கிய சில வாரங்களில் ஒருமுறை, முடிந்த சில வாரங்களில் ஒருமுறை அது தேவையா என்று கேளுங்கள். இந்த இழுபறியில் அதிகம் சிக்காத லெவிட்டிராசெட்டம் போன்ற மாத்திரைக்கு மாற்ற முடியுமா என்றும் கேட்கலாம். மாற்றுவதாக இருந்தாலும் டாக்டர் அதைப் படிப்படியாகத்தான் செய்வார்.