பரி பயிற்றும் கலை



குதிரையின்மீது ஏறுதல் ஒன்று. குதிரையை நடத்துதல் மற்றொன்று. முன்னதற்குத் துணிவு போதும். பின்னதற்கு அறிவும் பொறுமையும் வேண்டும். இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்குவதே இன்றைய பேச்சின் நோக்கம்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இராசபாளையத்திலும் வாழும் நம் பிள்ளைகளுக்குக் குதிரை புதிய உருவமன்று. திருவிழாத் தேரின் முன்னே மரக்குதிரைகள் முன்னங்கால்களைத் தூக்கிப் பாய்கின்றன. இராசபாளையத்திற்கு மேற்கே, மலையடிவாரத்தில், நீர்காத்த அய்யனார் கோயில் இருக்கிறது. அய்யனார் என்றதும் அவர் ஏறி வரும் குதிரை நம் நினைவுக்கு வருகிறது. மரத்திலும் மண்ணிலும் நாம் நாள்தோறும் காணும் இந்த விலங்கு உயிரோடு நம் முன் வந்து நின்றால், அதனிடம் எங்ஙனம் பழகுவது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

அறியாமையின் விலை யாது என்பதை வரலாறு கூறுகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டுக்கு அரபு, பாரசீகக் கரைகளிலிருந்து கப்பல் கப்பலாகக் குதிரைகள் வந்து இறங்கின. தாமிரபரணி கடலொடு கலக்கும் இடத்துக்கு அருகிலிருந்த காயல் அவ்வணிகத்திற்குப் பெயர் பெற்ற துறைமுகம். ஏறத்தாழ 1292-ஆம் ஆண்டில் இந்நாட்டுக்கு வந்த வெனிசு நகரத்து மார்க்கோ போலோ, இங்குள்ள அரசர் ஒவ்வொருவரும் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட குதிரைகளை வாங்கினர் என்றும், ஆண்டு முடிவில் அவற்றுள் நூறுகூட எஞ்சவில்லை என்றும் எழுதினார். குதிரைகளைப் பேணத் தெரிந்தவர் இல்லாமையே அதற்குக் காரணம் என்பது அவர் கருத்து. சோற்றையும் வேகவைத்த இறைச்சியையும் அவற்றுக்கு உணவாக இட்டனர் என்றும் அவர் குறித்திருக்கிறார்.

பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாபும் இதனையே வேறொரு வகையில் கூறுகிறார். குதிரை ஒன்றுக்கு 220 செம்பொன் தீனார் விலை பேசப்பட்டது; வழியில் கடலில் இறந்த குதிரைக்கும் அரசர் விலை கொடுத்தார். இவ்வளவு பொன் கொடுத்து வாங்கிய குதிரைகளை என்ன செய்தனர்? நாற்பது நாள் முளையில் கட்டிக் கொழுக்க வைத்தனர். பின்னர் யாதொரு பயிற்சியும் அளியாமல், அங்கவடியும் இன்றி, வீரர்கள் ஏறி விரட்டினர். ஆற்றல் மிக்க குதிரைகள் சில நாளிலேயே சோர்ந்து, மந்தமாகி, ஒன்றுக்கும் உதவாமற் போயின என்கிறார் அவர்.

இவை அயலார் கூற்றுக்கள். எண்களில் மிகை இருக்கலாம். வஸ்ஸாப் இந்நாட்டுக்கு வந்து கண்டு எழுதியவரும் அல்லர். ஆயினும் ஒரு நாட்டின் கருவூலம் கடலைத் தாண்டிச் சென்றதற்கும், வாயில்லா உயிர்கள் ஆயிரக்கணக்கில் மடிந்ததற்கும், பயிற்றும் அறிவும் பேணும் அறிவும் போதாமையே காரணம் என்று இருவர் தனித்தனியே கூறுவதை நாம் தள்ளிவிட இயலாது.

தமிழர் குதிரைக் கலையை முற்றும் அறியாதவர் என்று இதனால் கொள்ள வேண்டா. கடல் வழியாகக் குதிரைகள் வந்ததைப் பட்டினப்பாலை குறிக்கிறது. குதிரையின் நேரான ஓட்டத்திற்கு ஆதி என்றும், வட்டமாக வரும் ஓட்டத்திற்கு மாதி என்றும் பழந்தமிழில் பெயர் உண்டு. மல்லகதி, மயூரகதி, வானரகதி முதலாகக் குதிரையின் நடைகளை ஐந்தாகப் பகுத்து ஐங்கதி என்று வழங்கினர். குதிரையை ஏறி நடத்தும் பயிற்சிக்கு வையாளி என்பது பெயர். திருவரங்கத்தில் வேடுபறித் திருநாளன்று, குதிரை வாகனத்தில் எழுந்தருளும் பெருமாளை முன்னும் பின்னுமாக, வளைந்தும் நெளிந்தும் ஓட்டி வரும் காட்சியை இன்றும் வையாளி என்றே சொல்கின்றனர். நகுலன் பெயரால் வழங்கும் அசுவசாத்திரம் என்னும் வடமொழி நூலைத் தஞ்சைச் சரசுவதி மகால் நூலகம் 1952-இல் அச்சிட்டது. சொல் இருந்தது, நூல் இருந்தது. அவ்வறிவு குதிரை ஏறிய வீரன் ஒவ்வொருவனுக்கும் எட்டியதா என்பதே கேள்வி.

மேலைநாட்டார் இக்கலையை ஓர் ஒழுங்கான கல்வியாக வளர்த்தனர். கிறித்துவுக்கு முன் நான்காம் நூற்றாண்டில் கிரேக்கராகிய செனபன் குதிரைப் பயிற்சி பற்றி நூல் எழுதினார். சினத்தோடு குதிரையை அணுகலாகாது என்பது அவர் வற்புறுத்திய முதல் விதி. பின்னர் இத்தாலியிலும் பிரான்சிலும் இக்கலை செழித்தது. வியன்னா நகரில் 1735-இல் கட்டி முடிக்கப்பட்ட பயிற்சி மண்டபத்தில் இன்றும் வெண்ணிறக் குதிரைகள் பயில்கின்றன. இக்கலைக்கு டிரெஸ்ஸாஜ் என்பது பெயர். பழக்குதல் என்னும் பொருளுடைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து பிறந்தது. 60 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் உள்ள களத்தில், குறித்த வட்டங்களையும் வளைவுகளையும் நடைமாற்றங்களையும் குதிரை செய்து காட்ட வேண்டும். ஒவ்வோர் அசைவுக்கும் சுழி முதல் பத்து வரை மதிப்பெண் உண்டு. நம் தேர்வுத்தாளைப் போன்றதே இதுவும். ஆனால் தேர்வு எழுதுவோர் இருவர்.

இனிக் குதிரையின் இயல்பை நோக்குவோம். இராசபாளையத்து நாயை நீங்கள் நன்கு அறிவீர்கள். 2005-இல் அதன் உருவம் அஞ்சல் தலையிலும் வெளிவந்தது. நாய் வேட்டையாடும் இனம்; குதிரையோ வேட்டையாடப்படும் இனம். ஆதலால் நாய் எதையும் நெருங்கிச் சென்று மோப்பம் பிடிக்கிறது. குதிரை முதலில் ஓடி, பின்னரே திரும்பிப் பார்க்கிறது. அதன் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் அமைந்திருத்தலால், ஏறக்குறைய தன்னைச் சுற்றிலும் அதனால் காண முடியும். நெற்றிக்கு நேர் முன்னேயும், வாலுக்கு நேர் பின்னேயும் உள்ள சிறு பகுதிகள் மட்டும் அதற்குப் புலப்படா. பின்புறமாகச் சென்று குதிரையைத் தொடுபவன் உதைபடுவது குதிரையின் தீக்குணத்தால் அன்று, அது அஞ்சியதால்தான். காற்றில் பறக்கும் காகிதத்தைக் கண்டு மிரளும் குதிரையை அடிப்பவன், காகிதம் அச்சத்திற்குரியது என்பதையே அதற்குக் கற்பிக்கிறான். காகிதம் பறந்தது, உடனே வலித்தது என்று அது நினைவில் வைத்துக்கொள்ளும்.

குதிரையின் கூர்மைக்கு ஒரு சான்று கூறுவேன். பெர்லின் நகரில் வில்லெம் பான் ஓஸ்டன் என்னும் கணக்காசிரியர் ஹான்ஸ் என்ற குதிரையை வளர்த்தார். கூட்டல், கழித்தல் வினாக்களுக்கு அக்குதிரை குளம்பால் தட்டி விடை சொல்லியது. 1904-இல் அறிஞர் குழு ஒன்று ஆராய்ந்து, இதில் ஏமாற்று இல்லை என்றது. பின்னர் ஆஸ்கர் புங்ஸ்ட் என்பவர் உண்மையைக் கண்டறிந்து, 1907-இல் வெளியிட்டார். வினவுபவருக்கே விடை தெரியாதபோது குதிரையும் விடை சொல்லவில்லை. வினவுபவர் கண்ணுக்கு மறைந்தபோதும் சொல்லவில்லை. சரியான எண் வந்தவுடன் வினவுபவரின் தலை அவர் அறியாமலே மயிரிழை அளவு நிமிர்ந்தது. அதைக் கண்டு குதிரை தட்டுவதை நிறுத்தியது. ஹான்சுக்குக் கணக்குத் தெரியாது; மனிதனைப் படிக்கத் தெரியும். தான் அறியாமலே தான் கற்பித்துக்கொண்டிருக்கிறோம் என்பதை ஆசிரியர் ஒவ்வொருவரும் இதிலிருந்து உணர வேண்டும்.

இத்துணைக் கூர்மையுள்ள உயிருக்குச் சவுக்கு எதற்கு? பயிற்சியின் அடிப்படை விதி ஒன்றே. மெல்ல அழுத்து, குதிரை இணங்கிய அந்த நொடியே அழுத்தத்தை விடு. முன்னே செல்லுமாறு கணுக்காலால் விலாவை இலேசாக அழுத்துகிறோம். குதிரை ஓர் அடி எடுத்து வைத்தவுடன் கால் தளர வேண்டும். அவ்விடுதலையே அதற்குப் பரிசு. விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தால், தான் செய்தது சரியா தவறா என்பது அதற்கு விளங்காது; நாளடைவில் காலின் அழுத்தத்தையே பொருட்படுத்தாது. கடிவாளமும் அத்தகையதே. ஓயாமல் இழுக்கப்பட்ட வாய் மரத்துப் போகும். பிறகு எவ்வளவு இழுத்தாலும் குதிரை நில்லாது.

என் இளமையில் ஸ்ரீவில்லிபுத்தூர் ரயில் நிலையத்தில் குதிரை வண்டிகள் வரிசையாக நிற்கும். வண்டிக்காரருள் பெரும்பாலோர் சவுக்கை வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்களில் வைத்துச் சடசடவென்று ஒலி எழுப்புவர். முதியவர் ஒருவர் மட்டும் நாக்கினால் ஒரு சிறு ஒலி செய்வார், குதிரை புறப்படும். லகானைச் சற்றே பிடிப்பார், நிற்கும். அவர் எந்தப் பள்ளியிலும் இக்கலையைப் பயின்றவர் அல்லர். ஆனால் நான் மேலே கூறிய விதியை அவர் கை அறிந்திருந்தது.

டிரெஸ்ஸாஜ் கற்பிப்போர் பயிற்சியை ஆறு படிகளாக வகுப்பர். முதலாவது தாளம். இயல்பான நடையில் நான்கு குளம்பொலிகளும், டிராட் எனப்படும் ஓட்டநடையில் இரண்டும், கேண்டர் எனப்படும் தாவுநடையில் மூன்றும் சீராகக் கேட்க வேண்டும். தாளம் தவறினால் குதிரைக்கு வலியோ அச்சமோ உண்டு என்று அறிக. இரண்டாவது தளர்வு, முதுகும் கழுத்தும் இறுக்கமின்றி அசைதல். மூன்றாவது தொடர்பு, சவாரி செய்வோன் கைக்கும் குதிரையின் வாய்க்கும் இடையே லகான் தொங்காமலும் இழுபடாமலும் இருத்தல். நான்காவது உந்தல்; பின்னங்கால்களின் ஆற்றல் முன்னோக்கிப் பாய்தல். ஐந்தாவது நேர்மை, உடல் கோணாமல் செல்லுதல். மனிதருள் வலக்கையர், இடக்கையர் இருப்பது போலக் குதிரைக்கும் எளிதாக வளையும் பக்கம் ஒன்று உண்டு. ஆகையால் வட்டங்களை இரு பக்கமும் மாற்றி மாற்றிப் பழக்குவர். ஆறாவது ஒடுக்கம்; பாயுமுன் வில் வளைவது போல, ஆற்றலைத் தன்னுள் சேர்த்து இலேசாக நடத்தல். இவற்றை வரிசை மாற்றிக் கற்பிக்க முயன்றால் பயன் இல்லை. எழுத்தறியாதவனுக்கு இலக்கணம் கற்பிப்பது போலாகும்.

குதிரையேற்றம் பழக விரும்பும் இளைஞருக்குச் சில குறிப்புக்களைத் தருகிறேன். குதிரையின் இடத்தோள் பக்கமாக, பேசிக்கொண்டே அணுகுங்கள். ஏறுமுன் நான்கு குளம்புகளையும் தூக்கிப் பாருங்கள். கல் சிக்கியிருந்தால் அகற்றுங்கள். சேணத்தின் அடியில் மடிப்போ மணலோ இருந்தால் முதுகு புண்படும். தலைக்கவசம் இன்றி ஒருபோதும் ஏறற்க. முதற் பத்து நிமிடம் நடையிலேயே செலுத்தி உடலைச் சூடேற்றுங்கள். புதிய பாடத்தைச் சிறிது நேரமே கற்பியுங்கள். குதிரை நன்றாகச் செய்த இடத்தில் அன்றைய பாடத்தை நிறுத்துங்கள். சினம் எழுந்தால் இறங்கிவிடுங்கள். சவாரி முடிந்தபின் மூச்சு அடங்கும்வரை நடத்திச் சென்று நீர் காட்டுங்கள். குதிரையின் இரைப்பை உடலின் அளவுக்குச் சிறியது. அதனால் வாந்தி எடுக்கவும் இயலாது. ஆகவே புல்லே முதல் உணவு. கொள்ளு முதலிய தானியங்களைச் சிறிது சிறிதாகப் பல வேளைகளில் தர வேண்டும். இளங்குதிரைக்கு மூன்று வயது நிரம்புமுன் முதுகில் பாரம் ஏற்றுதல் கொடுமை. அதன் எலும்புகள் முற்ற ஐந்து, ஆறு ஆண்டுகள் ஆகும்.

வலிமையே இக்கலைக்கு வேண்டுவது என்று எண்ணுவோர்க்கு ஒருவர் வாழ்க்கை விடை சொல்லும். டென்மார்க்கைச் சேர்ந்த லிஸ் ஹார்ட்டெல் என்னும் பெண்மணி 1944-இல் இளம்பிள்ளை வாதத்தால் தாக்குண்டார். முழங்காலுக்குக் கீழ் உணர்வும் இயக்கமும் திரும்பவில்லை. குதிரைமீது ஏறவும் இறங்கவும் பிறர் துணை வேண்டியிருந்தது. அதுவரை ஒலிம்பிக் டிரெஸ்ஸாஜில் படை அதிகாரிகளே பங்கு பெறலாம் என்னும் விதி இருந்தது. அவ்விதி நீங்கிய 1952-இல், ஹெல்சிங்கியில், அவர் ஆடவரோடு போட்டியிட்டு வெள்ளிப் பதக்கம் பெற்றார், 1956-இலும் பெற்றார். கால்களால் பேச இயலாதவர் உடலின் எடையாலும் முதுகின் அசைவாலும் பேசினார். ஜூபிலி என்ற அவர் குதிரை அதனைக் கேட்டது.

நம் நாட்டாரும் இத்துறையில் பின்தங்கியவர் அல்லர். 1982-இல் தில்லி ஆசிய விளையாட்டில் குதிரையேற்றப் போட்டிகளில் நாம் தங்கம் வென்றோம். பின்னர் 41 ஆண்டுகள் தங்கம் இல்லை. 2023 செப்டம்பர் 26-ஆம் நாள், சீனத்து ஹாங்சோ நகரில், அனுஷ் அகர்வாலா, ஹிருதய் விபுல் சேடா, திவ்யகிருதி சிங், சுதிப்தி ஹஜேலா ஆகிய நால்வரும் டிரெஸ்ஸாஜ் குழுப்போட்டியில் தங்கம் வென்றனர். தனிப்போட்டியில் அனுஷ் அகர்வாலா வெண்கலமும் பெற்றார். 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் இப்போட்டியில் கலந்துகொண்ட முதல் இந்தியராகவும் விளங்கினார். பொன் கொடுத்துக் குதிரை வாங்கி, பயிற்றும் அறிவின்றி இழந்த நாடு இது என்று அன்றைய அயலார் எழுதினர். பயிற்சியால் பொன் பெற்ற நாடு என்று இனி எழுதுவர்.

உங்களுள் சிலருக்கே குதிரை ஏறும் வாய்ப்புக் கிட்டும். ஆயினும் கன்றைப் பழக்குவோரும், நாயை வளர்ப்போரும், தம்பி தங்கையருக்குப் பாடம் சொல்லிக் கொடுப்போரும் உங்களுள் பலர். கட்டளை தெளிவாக இருக்கட்டும்; இணங்கியவுடன் பிடி தளரட்டும்; அச்சத்தை அடியால் திருத்த முயலற்க. அச்சத்தால் பணிந்த குதிரை, தன் அச்சம் பெரிதாகும் நாளில் நம்மைக் கீழே தள்ளி ஓடிவிடும். நம்பிப் பழகிய குதிரையோ அஞ்சும் பொழுதில் நம் கையை நாடி நிற்கும்.