கைமாறும் புத்தகம்

பெசன்ட் நகர்க் கடற்கரைக்கு மாலை வேளையில் காற்று வாங்க வருகிறவர்கள் உண்டு. சுண்டல் வாங்க வருகிறவர்களும் உண்டு. கல்லூரிகள் திறந்த சமயத்தில் ஒரு நாள், நம் சிநேகிதர் ஒருவர் பெருமூச்சு விடுவதற்காகவே அங்கே வந்து மணலில் உட்கார்ந்திருந்தார். அவர் கையில் ஒரு காகிதம் இருந்தது. பௌதிக வகுப்பில் புதிதாகச் சேர்ந்திருக்கும் அவருடைய பெண் வாங்கவேண்டிய புத்தகங்களின் ஜாபிதா அது.

"சம்பளம் கட்டியாயிற்று, பஸ்ஸுக்கும் கொடுத்தாயிற்று. இந்த எட்டுப் புத்தகங்களுக்கு நான் எங்கே போவேன், சொல்லும்!" என்றார்.

பக்கத்தில் இருந்த பெண், "எல்லாம் வேண்டாம், மாமா. சிநேகிதியிடம் வாங்கிப் படித்துக் கொள்கிறேன்" என்றாள்.

நல்ல மனசுதான். ஆனால் பரீட்சைக்கு முதல் நாள் சிநேகிதிக்கும் அதே புத்தகம் வேண்டுமே! கெட்டிக்காரக் குழந்தைகள் பலர் பின்தங்கிப் போவது இந்த இடத்தில்தான். செலவைச் சுருக்க வேண்டியது அவசியம். அதற்காகப் படிப்பைச் சுருக்கக் கூடாது. இதற்கு வழி உண்டா என்று யோசித்தோம். உண்டு என்றே தோன்றுகிறது.

ஜாபிதாவில் உள்ள புத்தகங்கள் எல்லாம் ஒரே ரகம் அல்ல. இரண்டு மூன்று, தினந்தோறும் புரட்டிக் கணக்குப் போட வேண்டியவை. மற்றவை ஓர் அத்தியாயத்துக்காகவோ இரண்டு அத்தியாயங்களுக்காகவோ வேண்டியவை. எது எந்த ரகம் என்று ஆசிரியரையும், போன வருஷம் அதே வகுப்பில் படித்தவர்களையும் கேட்டால் தெரிந்துவிடும். முதல் ரகத்தைச் சொந்தமாக வாங்க வேண்டும். இரண்டாவது ரகத்துக்கு நூல் நிலையம் இருக்கிறது.

நூல் நிலையம் என்றால் யாரோ செய்யும் தர்மம் என்று நினைக்க வேண்டாம். நம் மாகாணத்தில் 1948-ம் வருஷத்திலேயே பொது நூலகச் சட்டம் வந்துவிட்டது. நூலகக் கலையின் தந்தையான எஸ். ஆர். ரங்கநாதன் அதற்காகப் பல வருஷம் பாடுபட்டார். அன்று முதல் வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்ந்தே வசூலாகிறது. ஆகவே நாம் ஏற்கனவே பணம் கட்டியாயிற்று. புத்தகத்தைப் போய் எடுக்காமல் இருப்பதுதான் பாக்கி!

பெசன்ட் நகரிலிருந்து கோட்டூர்புரம் வெகு தூரம் இல்லை. 2010-ம் வருஷம் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகம் அங்கே ஒன்பது தளங்களோடு நிற்கிறது. சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய் அமைதியாகப் படிக்கவும் அங்கே இடம் உண்டு. எழும்பூரில் 1896-ம் வருஷம் திறந்த கன்னிமாரா நூலகம் இருக்கிறது. இந்தியாவில் அச்சாகும் புத்தகங்களின் பிரதிகள் சட்டப்படி வந்து சேரவேண்டிய நான்கு நூலகங்களில் அது ஒன்று.

சரி, சொந்தமாக வேண்டிய இரண்டு மூன்று புத்தகங்கள்? அவற்றையும் புதிதாகத்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. சென்னையில் படித்த முந்தைய தலைமுறைக்கு மூர் மார்க்கெட் ஒரு இரண்டாவது கல்லூரி. 1985-ம் வருஷம் மே மாதம் அது தீக்கு இரையாயிற்று. லஸ் பக்கத்து நடைபாதையில் ஆழ்வார் என்ற பெரியவர் பல பத்தாண்டுகள் பழைய புத்தகம் விற்றதை மயிலாப்பூர்வாசிகள் மறந்திருக்க மாட்டார்கள்.

பழைய பதிப்பு உதவுமா என்று கேட்கலாம். கணிதமேதை ராமானுஜன் கதையைப் பாருங்கள். 1903-ம் வருஷம் கார் என்பவரின் கணிதத் தொகுப்பு அவர் கைக்குக் கிடைத்தது. கும்பகோணம் கல்லூரி நூல் நிலையத்திலிருந்து இரவலாக வந்த பிரதி அது. அச்சாகிப் பதினைந்து வருஷங்களுக்கு மேல் ஆகியிருந்தது. அதனால் கணிதத்துக்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை!

ஆனால் எல்லாப் பாடமும் கணிதம் அல்ல. 2024-ம் வருஷம் ஜூலை முதல் தேதி, 1860-ம் வருஷத்து இந்தியத் தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சம்ஹிதை அமுலுக்கு வந்தது. பிரிவு எண்கள் எல்லாம் மாறிவிட்டன. அதற்கு முன் அச்சான குற்றவியல் புத்தகத்தை மலிவு என்று வாங்கும் சட்ட மாணவர், மறுபடியும் ஒன்று வாங்க நேரும். எனவே, பழைய பிரதியின் பொருளடக்கத்தைப் பாடத்திட்டத்தோடு ஒத்துப் பார்த்த பிறகே பணத்தை எடுக்க வேண்டும்.

சில பக்கங்கள் மட்டும் வேண்டுமானால் நகல் எடுக்கலாமா? டில்லி சர்வகலாசாலை வளாகத்திலிருந்த ஒரு நகல் கடையின் மீது, 2012-ம் வருஷம் பெரிய பிரசுரகர்த்தர்கள் வழக்குத் தொடுத்தார்கள். ஆசிரியர் பாடத்துக்காகக் குறித்துக் கொடுத்த பகுதிகளை நகல் எடுக்கச் சட்டம் இடம் தருகிறது என்று 2016-ல் டில்லி ஹைகோர்ட் தீர்ப்பளித்தது. முழுப் புத்தகத்தையும் பிரதி எடுத்து விற்பதற்கு அது அனுமதிச் சீட்டு ஆகாது. நூல் எழுதியவரும் நம்மைப் போல் குடும்பஸ்தர்தானே?

இன்னும் ஒன்று. அடையாறுக்கு அருகிலுள்ள ஐ.ஐ.டி.யும் அதன் சகோதர நிலையங்களும் சேர்ந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்களை வீட்டிலிருந்தே இலவசமாகக் கேட்கலாம். பரீட்சை எழுதிச் சான்றிதழ் பெறுவதற்கு மட்டுமே கட்டணம்.

ஒரு மாதம் கழித்துச் சிநேகிதரை மறுபடியும் சந்தித்தோம். எட்டுப் புத்தகங்களில் மூன்றுதான் வாங்கினார்களாம். அவற்றிலும் இரண்டு பழையவை. அவற்றுள் ஒன்றைப் பெண் நம்மிடம் காட்டினாள். முதல் பக்கத்தில் மூன்று பெயர்கள் மூன்று விதமான மையில் இருந்தன. தன் பெயரை நான்காவதாக எழுதியிருந்தாள்.

"ஏன் அம்மா, இவ்வளவு சின்ன எழுத்து?" என்று கேட்டோம்.

"அடுத்தவருக்கு இடம் வேண்டாமா, மாமா?" என்றாள்.